யாரிடமும் சொல்லாத குரல்கள்

நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் பல்கலைக்கழகத்தில் 44 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். முடிவு 2001-இல் வெளியானது. முதலில் பிங் கிராஸ்பி பாடிய ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டைப் போட்டுக் காட்டினார்கள். பிறகு காதில் ஹெட்ஃபோனை மாட்டி, ஸ்டேஷன் கிடைக்காத ரேடியோ போல வெறும் இரைச்சலைச் சில நிமிடம் ஓடவிட்டார்கள். இரைச்சலுக்கு அடியில் அந்தப் பாட்டு மெல்லக் கேட்கலாம், கேட்டதாக நம்பினால் பொத்தானை அழுத்துங்கள் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார்கள். உண்மையில் பாட்டு ஒரு நொடிகூட ஓடவில்லை. ஆனாலும் ஏறக்குறைய மூன்றில் ஒருவர் பொத்தானை அழுத்தினார்.

பத்தாண்டு கழித்து ஆஸ்திரேலியாவின் லா ட்ரோப் பல்கலைக்கழகத்தில் இதே சோதனையை 92 பேரிடம் செய்தபோது, அவர்கள் நாளொன்றுக்கு எவ்வளவு காபி குடிக்கிறார்கள், எவ்வளவு மன அழுத்தத்தில் இருக்கிறார்கள் என்பதையும் கேட்டுக்கொண்டார்கள். காபியும் அழுத்தமும் இரண்டுமே மிகுந்தவர்களுக்குத்தான் இல்லாத பாட்டு அதிகத் தடவை கேட்டது. ‘காபி குடித்தால் பிரமை பிடிக்கும்’ என்று அப்போது சில பத்திரிகைகள் தலைப்புப் போட்டன. அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை. ‘கேட்கும்’ என்று வாத்தியார் சொன்ன பிறகு ஒரு மாணவன் பொத்தானை அழுத்துவதும், நள்ளிரவில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டதாகத் திடுக்கிட்டு எழுவதும் ஒன்றல்ல. ஆனால் ஒரு விஷயம் இதில் தெளிவாகிறது. நோய் என்று எதுவும் இல்லாதவர்களின் மூளையும் இல்லாததைக் கேட்கும். நெருக்கடி கூடும்போது இன்னும் கூடுதலாகக் கேட்கும்.

ஊரில் எத்தனை பேருக்கு இப்படி நேர்கிறது என்று எண்ணிப் பார்க்கும் ஆசை பழையது. 1889-இல் இங்கிலாந்தின் அமானுஷ்ய ஆய்வுச் சங்கம் ஹென்றி சிட்ஜ்விக் தலைமையில் ஒரு கணக்கெடுப்பைத் தொடங்கியது. சிட்ஜ்விக் கேம்பிரிட்ஜில் அறவியல் கற்பித்த தத்துவப் பேராசிரியர். 410 தொண்டர்கள் 17,000 பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். முழு விழிப்பில் இருந்தபோது, புறக்காரணம் எதுவும் இல்லாமல், ஓர் உருவத்தைப் பார்த்ததுண்டா, குரலைக் கேட்டதுண்டா, தொடுகையை உணர்ந்ததுண்டா? ஏறக்குறைய 10 சதவீதம் பேர் ‘உண்டு’ என்றார்கள். சாகிறவர்கள் சாகும் நேரத்தில் சொந்தக்காரர்களுக்குக் காட்சி தருகிறார்களா என்று பார்ப்பதே சங்கத்தின் உள்நோக்கம். 1894-இல் அறிக்கை வந்தது. பேய் விஷயத்தை இன்று யாரும் பொருட்படுத்துவதில்லை, அந்தப் பத்து சதவீதம் மட்டும் நிலைத்துவிட்டது.

அதன்பின் வந்த எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. நெதர்லாந்தில் 7,076 பேரை நேரில் விசாரித்த ஆய்வின் அடிப்படையில் ஜிம் வான் ஆஸ் குழு 2000-இல் தந்த கணக்குப்படி, 17.5 சதவீதம் பேருக்கு மனப்பிறழ்வு சார்ந்த ஏதோ ஓர் அனுபவம் இருந்தது. அவர்களுக்குள்ளும் நோய் என்று பெயர் வைக்கும்படியான நிலையில் இருந்தவர்கள் 2.1 சதவீதம்தான். 2015-இல் உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கெடுப்புகளைக் கொண்டு 18 நாடுகளில் 31,261 பேரின் பதில்களைத் தொகுத்தபோது வாழ்நாளில் ஒரு தடவையாவது இது நேர்ந்தவர்களின் பங்கு 5.8 சதவீதமாக இறங்கியது. இன்னொரு பன்னாட்டு ஆய்வில் வியட்நாமில் நூற்றுக்கு ஒருவர்கூடத் தேறவில்லை, நேபாளத்தில் முப்பதைத் தாண்டியது. இமயமலை அடிவாரத்தில் மூன்றில் ஒருவருக்குப் பிரமை என்று இதை வாசிப்பவரிடம்தான் ஏதோ கோளாறு இருக்க வேண்டும்.

வித்தியாசத்துக்குப் பெரும் காரணம் கேள்வித்தாள். ‘யாராவது உங்களைப் பின்தொடர்வதாக, உளவு பார்ப்பதாக நினைத்ததுண்டா?’ என்று கேட்கிறார்கள். கடன் செயலியில் பணம் வாங்கி மாட்டிக்கொண்டவர் ‘ஆமாம்’ என்றுதான் சொல்வார். அவரை உண்மையிலேயே பின்தொடர்கிறார்கள். ‘டி.வி., ரேடியோ வழியாக உங்களுக்கென்று தனியாகச் செய்தி வருகிறதா?’ என்பது பழைய கேள்வி. மாப்பிள்ளை தேடுவதைப் பற்றி வீட்டில் பேசிய மறுநாளே போனில் திருமணத் தகவல் மைய விளம்பரம் வந்து நிற்கும் காலத்தில் இதற்கு என்ன பதில் சொல்வது? அமெரிக்காவில் கென்னத் கெண்ட்லர் குழு 1996-இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு நல்ல பாடம். சாதாரண மக்களில் 28 சதவீதம் பேர் வடிகட்டிக் கேள்விகளில் ஒன்றுக்காவது ‘ஆமாம்’ என்றார்கள். மனநல மருத்துவர்கள் திரும்ப அழைத்துப் பேசிப் பார்த்தபோது, விரிந்த வரையறையை எடுத்துக்கொண்டாலும் நோயாளி என்று சொல்லத்தக்கவர் 0.7 சதவீதம்தான். அதனால் இந்த எண்களின் உயரத்தை நான் நம்புவதில்லை. இரண்டை மட்டும் நம்புகிறேன். இந்த அனுபவம் அரிதானதல்ல. பெரும்பாலும் நிலைப்பதும் இல்லை. அந்த 18 நாட்டு ஆய்விலேயே, அனுபவம் நேர்ந்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு அது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான் வந்து போயிருந்தது. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தால் ஐந்தில் நான்கு பேருக்குத் தானாகவே விட்டுப் போகிறது.

எண்களைவிட எனக்கு நெருக்கமாகப் படுவது ஒரு கிராமத்து டாக்டர் செய்த வேலை. நடு வேல்ஸில் குடும்ப மருத்துவராக இருந்த டெவி ரீஸ், தன் வட்டாரத்தில் துணையை இழந்த 293 பேரிடம் பேசி 1971-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார். 227 பேர் கணவனை இழந்தவர்கள், 66 பேர் மனைவியை இழந்தவர்கள். கிட்டத்தட்ட பாதிப் பேருக்கு இறந்தவர் ஏதோ ஒரு வகையில் ‘இருந்தார்’. அறையில் கூடவே இருப்பது போன்ற உணர்வுதான் அதிகம், 39 சதவீதம். 14 சதவீதம் பேர் கண்ணால் பார்த்தார்கள், 13 சதவீதம் பேர் குரலைக் கேட்டார்கள். சேர்ந்து வாழ்ந்த காலம் கூடக் கூட அனுபவமும் கூடியது. பலருக்கு அது பயமாக இல்லை, ஆறுதலாக இருந்தது. ஆனால் நான்கில் மூன்று பேர் அதுவரை எவரிடமும் வாய் திறக்கவில்லை. பாதிரியாரிடம் சொன்னவர் ஒருவர். மருத்துவரிடம் சொன்னவர் எவரும் இல்லை. அதே மருத்துவர்தான் வருடக்கணக்காக அவர்களுக்கு ரத்த அழுத்தம் பார்த்து, இருமலுக்கு மருந்து எழுதிக் கொடுத்து வந்தவர் என்பதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

நம் வீடுகளில் இந்தப் பேச்சுக்கு ஓரளவு இடம் உண்டு. காரியம் முடிந்த வீட்டில் ‘ராத்திரி அவர் வந்து கட்டில்ல உக்காந்தாப்ல இருந்துச்சு’ என்று ஆச்சி சொன்னால் யாரும் ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடிப்பதில்லை. ‘மனசு கேக்காம வந்துட்டுப் போறார்’ என்பார்கள், பேச்சு அடுத்ததற்குப் போய்விடும். அதே ஆச்சியின் கல்லூரிப் பேரன் ‘ஹாஸ்டல்ல யாரோ என்னப் பத்திப் பேசுறது காதுல விழுது’ என்றால் நிலைமை வேறு. அவன் அதைச் சொல்லவே மாட்டான் என்பதுதான் விஷயம்.

நெருக்கடி இதற்குள் எப்படி நுழைகிறது? 1977-இல் ஜோசப் ஜூபினும் போனி ஸ்பிரிங்கும் சொன்ன விளக்கம்தான் இன்றும் அடித்தளம். ஒவ்வொருவருக்கும் பிறவியிலும் வளர்ப்பிலும் அமைந்த ஒரு தாங்குதிறன் உண்டு, வெளி அழுத்தம் அதை மீறும்போது அறிகுறி தலைகாட்டுகிறது என்பது அது. பழைய ஆய்வுகள் சாவு, விவாகரத்து, வேலையிழப்பு என்று பெரிய அடிகளைத் தேடின. இனெஸ் மையின்-ஜெர்மிஸ் குழு வேறு வழியில் போனது. ஆட்களின் கையில் ஒரு கடிகாரத்தைக் கட்டி அனுப்பினார்கள். ஒரு நாளில் பத்துத் தடவை, எப்போது என்று தெரியாதபடி அது ஒலிக்கும். ஒலித்தவுடன் அந்த நிமிடம் என்ன செய்துகொண்டிருக்கிறீர்கள், மனசு எப்படி இருக்கிறது என்று குறித்து வைக்க வேண்டும். மனப்பிறழ்வு நோய் வந்தவர்கள் மட்டுமல்ல, நோயே வராத அவர்களின் உடன்பிறந்தவர்களும் பெற்றோரும்கூட, பஸ்ஸைத் தவறவிடுவது, யாரோ முகம் கொடுத்துப் பேசாதது போன்ற அன்றாடச் சில்லறைத் தொல்லைகளுக்கே மற்றவர்களைவிட அதிகம் கலங்கினார்கள். குடும்பத்தில் ஓடுவது நோய் மட்டுமல்ல, சின்ன உரசலுக்கும் அதிரும் தன்மையும்தான். பிற்பாடு 39 ஏழை, நடுத்தர வருமான நாடுகளின் தரவைப் பார்த்த ஆய்வும், தான் உணரும் அழுத்தம் ஒரு படி ஏறும்போதெல்லாம் இந்த அனுபவங்களும் ஒரு படி ஏறுவதைக் காட்டியது.

சிறுவயதில் அடி, வன்கொடுமை, புறக்கணிப்பு ஆகியவற்றுக்கு ஆளானவர்களுக்குப் பிற்காலத்தில் மனப்பிறழ்வுக்கான வாய்ப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு என்று 2012-இல் ஃபிலிப்போ வரேஸே குழு தொகுத்துச் சொன்னது. இது தனிக் கட்டுரைக்கு உரியது.

அழுத்தம் உச்சத்துக்குப் போனால் யாருக்கும் நேரும் என்பதற்கு மலையேறிகள் சாட்சி. 1933-இல் ஃபிராங்க் ஸ்மைத் எவரெஸ்டின் உச்சிக்குச் சில நூறு மீட்டர் கீழே, ஆக்சிஜன் குழாய் இல்லாமல், தன்னந்தனியாக நின்றார். கூட யாரோ ஏறி வருகிறார்கள் என்ற உணர்வு அவ்வளவு உறுதியாக இருந்ததால், பையிலிருந்த கெண்டல் புதினா மிட்டாயை எடுத்து உடைத்துப் பாதியைப் பக்கத்தில் நீட்டினார். வாங்கிக்கொள்ள ஆளில்லை. கீழே இறங்கியதும் நினைவு தெளிந்துவிட்டது, மனிதர் அதன்பின் புத்தகம் எழுதினார், பூக்களைப் பற்றி எழுதினார், நன்றாகவே வாழ்ந்தார்.

மலையேறாதவர்களுக்குத் தூக்கம் இருக்கிறது. அழுத்தத்துக்கும் பிரமைக்கும் நடுவே இருக்கும் வழிகளில் மிகத் தெளிவாக நிரூபிக்கப்பட்டது இதுதான். ஆக்ஸ்போர்டில் 68 பேரை மூன்று இரவு நான்கு மணி நேரம் மட்டும் தூங்கவிட்டுச் சோதித்தார்கள். சந்தேக எண்ணங்களும் புலன் மயக்கங்களும் கூடின. திருப்பிப் போட்டும் பார்த்தார்கள். டேனியல் ஃப்ரீமேன் குழு 2017-இல் வெளியிட்ட ஆய்வில், பிரிட்டனின் 26 பல்கலைக்கழகங்களைச் சேர்ந்த 3,755 மாணவர்களில் ஒரு பகுதியினருக்குத் தூக்கமின்மைக்கான இணையவழிப் பயிற்சி கொடுத்தார்கள். தூக்கம் சரியானபோது சந்தேகமும் பிரமையும் குறைந்தன. குறைந்தது கொஞ்சம்தான். ஆனால் இந்தத் துறையில் ‘இதுவும் அதுவும் சேர்ந்தே இருக்கின்றன’ என்ற அளவில் நிற்கும் ஆய்வுகளே அதிகம், இது காரணத்தைத் தொட்ட ஆய்வு. விடியற்காலையில் மார்பின் மேல் ஏதோ ஏறி உட்கார, கத்த நினைத்தும் வாய் எழும்பாமல் கிடக்கும் அனுபவத்தை அமுக்குவான் பேய் என்கிறோம். உடல் இன்னும் தூக்கத்தில் இருக்க மூளை முந்தி விழித்துக்கொள்வதுதான் அது. முறையாகத் தூங்காத மாணவர்களிடையே இது சர்வசாதாரணம். தேர்வுக் காலத்தில் தாயத்து விற்பனை கூடுகிறதா என்று யாராவது பார்க்கலாம்.

இனி சமாளிப்பு. ரிச்சர்ட் லசாரஸும் சூசன் ஃபோக்மனும் 1984-இல் வகுத்த பிரிவு எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது. பிரச்சினையையே கையில் எடுத்துச் சரிசெய்யப் பார்ப்பது ஒரு வகை, பிரச்சினை எழுப்பும் உணர்ச்சியைத் தணிக்கப் பார்ப்பது இன்னொரு வகை. பதின்வயதினரிடம் நடந்த ஆய்வுகளில், தன்னையே நொந்துகொண்டு உள்ளே குமைகிறவர்களிடம் வழக்கத்துக்கு மாறான அனுபவங்கள் அதிகம். வேலையைப் பகுத்து ஒவ்வொன்றாக முடிக்கிறவர்களிடம் குறைவு. கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இதை வைத்து அறிவுரை சொல்லக் கிளம்புவது அநியாயம். குமைவதால் குரல் கேட்கிறதா, குரல் கேட்பதால் குமைகிறார்களா என்பதை ஒரு முறை நிரப்பிய படிவம் சொல்லாது. கையில் காசும் நம்பிக்கையான ஆளும் இருப்பவருக்குத்தான் ‘பிரச்சினையைக் கையில் எடுப்பது’ எளிது. குடிகாரக் கணவனோடு ஒற்றை அறையில் இருக்கும் பெண், அழுது தீர்ப்பதைத் தவிர எதைக் கையில் எடுப்பாள்?

சமாளிப்பைப் பற்றி ஆழமாக ஏதாவது தெரிந்ததென்றால் அது ஒரு டி.வி. நிகழ்ச்சியால்தான். மாஸ்ட்ரிக்ட் மனநல மருத்துவர் மாரியஸ் ரோம்மேயிடம் குரல் கேட்கும் பெண் ஒருவர் சிகிச்சைக்கு வந்துகொண்டிருந்தார். மாத்திரையால் குரல் நிற்கவில்லை. இன்னொரு குரல் கேட்பவரைச் சந்தித்தால் நல்லது என்று தோன்ற, 1987-இல் இருவரும் டச்சுத் தொலைக்காட்சியில் தோன்றி, குரல் கேட்கிறவர்கள் தொடர்புகொள்ளலாம் என்றார்கள். 700 பேர் கூப்பிட்டார்கள். 450 பேருக்குக் குரல் கேட்டது. அவர்களில் 300 பேர் சமாளிக்க முடியவில்லை என்றார்கள், 150 பேர் சமாளிக்கிறோம் என்றார்கள். அந்த 150 பேர்தான் ரோம்மேக்கு அதிர்ச்சி. அவர் கற்ற மருத்துவத்தில் அப்படிப்பட்டவர்கள் இருக்கவே கூடாது. அவர்கள் குரலுக்கு எல்லை வைத்தார்கள், நேரம் ஒதுக்கினார்கள், சிலதுக்குச் செவிசாய்த்துச் சிலதை உதறினார்கள், வீட்டில் ஒருவரிடமாவது சொல்லியிருந்தார்கள். ‘குரல் கேட்போர்’ இயக்கம் அங்கிருந்துதான் பல நாடுகளுக்கும் பரவியது.

இந்த இயக்கத்தின் மீது எனக்கு மரியாதை உண்டு, ஒரு சந்தேகமும் உண்டு. சமாளித்தவர்களுக்கு வந்தது வேறு வகைக் குரலாக இருந்திருந்தால்? உட்ரெக்ட் நகர ஆய்வாளர்கள் நோயற்ற குரல் கேட்போரையும் மனச்சிதைவு நோயாளிகளையும் அருகருகே வைத்துப் பார்த்தார்கள். குரலின் உரப்பு, எங்கிருந்து வருகிறது, எத்தனை பேர் பேசுகிறார்கள் என்பதில் பெரிய வேறுபாடில்லை. நோயற்றவர்களுக்குச் சராசரியாக 12 வயதில் தொடங்கியிருந்தது, நோயாளிகளுக்கு 21-இல். நோயற்றவர்களின் குரல்கள் திட்டுவது குறைவு, அடிக்கடி வருவதும் குறைவு, கட்டுப்பாடும் அதிகம். ஆகவே சமாளிப்பு என்பது பாதி ஆளின் திறமை, பாதி குரலின் குணம். இந்த இரண்டையும் பிரித்துக்காட்டிய ஆய்வு எதுவும் என் கண்ணில் படவில்லை. குரல் வந்தபின் மனச்சோர்வும் சேர்ந்துகொண்டவர்கள்தான் பிற்பாடு நோய்க்குள் வழுக்கினார்கள் என்ற டச்சுத் தரவு, இரண்டையும் ஓரளவு இணைக்கிறது. வந்த அனுபவத்தைவிட அது மனதில் விட்டுச்சென்ற பாரத்தையே கவனிக்க வேண்டும். எம்மானுவேல் பீட்டர்ஸ் ஹரே கிருஷ்ணா பக்தர்களையும் பிரிட்டனின் துரூயிட் வழிபாட்டினரையும் மருத்துவமனை நோயாளிகளோடு ஒப்பிட்டபோதும் இதுவே தெரிந்தது. விசித்திர நம்பிக்கைகளின் எண்ணிக்கை கிட்டத்தட்ட ஒன்றுதான், பக்தர்களுக்கு அதனால் அல்லல் இல்லை, நாள் முழுக்க அதிலேயே உழல்வதும் இல்லை. நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சூத்திரம் காட்டியதாகச் சொன்ன ராமானுஜனை யாரும் நோயாளிப் பட்டியலில் சேர்க்கவில்லை.

குரலின் குணத்தையே ஊரும் வீடும் மாற்றுமா? மாற்றும்போலத் தெரிகிறது, அதற்கான சான்றில் பாதி சென்னையில் கிடைத்தது. மானுடவியலாளர் டான்யா லூர்மன், சென்னையிலுள்ள மனச்சிதைவு ஆய்வு நிறுவனமான ஸ்கார்ஃபின் மருத்துவர் பத்மாவதி முதலியோருடன் சேர்ந்து கலிபோர்னியாவின் சான் மாட்டியோ, கானாவின் அக்ரா, சென்னை ஆகிய மூன்று ஊர்களில் ஊருக்கு 20 நோயாளிகளிடம் குரல் எப்படிப் பேசுகிறது என்று கேட்டு 2015-இல் எழுதினார். அமெரிக்கர்களுக்கு அது மண்டைக்குள் நுழைந்த அந்நியன். சித்திரவதை, போர், வெட்டு, குத்து. அதை நோயின் பெயரிட்டே சொன்னார்கள். அக்ராவில் பலருக்குக் கடவுள் பேசினார். சென்னையில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குப் பேசியது சொந்தக்காரர்கள். குளி, சமை, வீட்டைக் கூட்டு, கடைக்குப் போ என்று விரட்டினார்கள். திட்டவும் செய்தார்கள், மாமியார் திட்டுவது போல. தொல்லைதான், ஆனால் உறவுக்குள் இருக்கும் தொல்லை.

ஊருக்கு 20 பேர் என்பது சிறிய கணக்கு, அதுவும் எல்லாரும் நோயாளிகள். இதை வைத்து ‘நம் பண்பாடே மருந்து’ என்று மேடை போடுகிறவர்கள் 2001 ஆகஸ்ட் 6-ஐ மறந்துவிடுகிறார்கள். அன்று ஏர்வாடி தர்காவை ஒட்டிய காப்பகம் ஒன்றில் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் மாண்டார்கள். அதற்கு அடுத்த ஆண்டே, வேலாயுதம்பாளையம்புதூர் முத்துசுவாமி கோயிலில் தங்கிய 31 பேரைப் பற்றி ரகுராம் குழு எழுதிய கட்டுரையும் வந்தது. சடங்கு, மந்திரம் என்று தனியாக எதுவும் இல்லை. காலைப் பூசை, கூட்டிப் பெருக்குவது, செடிக்குத் தண்ணீர் விடுவது, கூட ஒரு சொந்தக்காரர். ஏறக்குறைய ஆறு வாரத்தில் அறிகுறி அளவுகோல் 20 சதவீதம் அளவுக்கு இறங்கியது. ஒப்பிட்டுப் பார்க்க வேறு குழு இல்லாததால் இதையும் பெரிதாக்க முடியாது. ஆனால் இரண்டு இடத்திலும் பெயர் ஒன்றுதான், வழிபாட்டிடத்தில் தங்க வைப்பது. ஓரிடத்தில் சங்கிலி, இன்னோரிடத்தில் வேலையும் துணையும். 2017-இன் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியைத் தடை செய்தது. துணையைச் சட்டத்தால் தர முடியாது.

குழந்தைகள் விஷயத்தில் மட்டும் என் நிதானம் கொஞ்சம் குறைகிறது. 9 முதல் 12 வயதுக்குள் 17 சதவீதம் பேர் இத்தகைய அனுபவத்தைச் சொல்கிறார்கள், 13 முதல் 18-க்குள் அது 7.5 ஆக இறங்குகிறது. வளர வளரப் பெரும்பாலானோருக்கு உதிர்ந்துவிடுகிறது. ஆனால் நியூசிலாந்தின் டனடின் நகரில் 1972–73-இல் பிறந்தவர்களைத் தொடர்ந்து கவனித்தபோது, 11 வயதில் வலுவான அறிகுறி காட்டிய சிறு குழுவில் நான்கில் ஒருவருக்கு 26 வயதில் மனச்சிதைவு வகை நோய் இருந்தது. உதிராமல் நிற்கும் சில பிள்ளைகளுக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமும் கூடவே வருவதைப் பல ஆய்வுகள் பார்த்திருக்கின்றன. ‘சும்மா கதை விடுறான்’ என்று தள்ளுவதற்கும் ‘காத்துக் கருப்பு அடிச்சிருக்கு’ என்று வேப்பிலையோடு ஓடுவதற்கும் நடுவே, பள்ளியில் யாராவது அடிக்கிறார்களா, வீட்டுக்கு வரும் யாராவது தொடுகிறார்களா, ராத்திரி தூங்குகிறானா என்று கேட்கலாம். கேட்டதற்கு அவன் பதில் சொல்ல நாலு நாள் ஆனாலும் பரவாயில்லை.

எப்போதோ ஒரு தடவை பெயர் சொல்லிக் கூப்பிட்டது போலிருந்தால், துக்க வீட்டில் இறந்தவரின் செருமல் கேட்டால் மருத்துவம் வேண்டியதில்லை. குரல் ‘செய்’ என்று ஆணையிட்டால், தன்னையோ பிறரையோ தாக்கச் சொன்னால், சாப்பாட்டில் விஷம் என்று தட்டைத் தள்ளினால், தூக்கமின்றி நாள்கள் கழிந்தால், படிப்பும் வேலையும் சரிந்துகொண்டே போனால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். அந்த நிலையில் மாத்திரை வேலை செய்கிறது. தொடக்கத்திலேயே போனால் கூடுதலாக வேலை செய்கிறது. நன்றாகிவிட்டது என்று தானாக நிறுத்துவதுதான் ஆபத்து. நேரில் போகத் தயங்குகிறவர்களுக்கு 2022 அக்டோபரில் ஒன்றிய அரசு தொடங்கிய டெலி மானஸ் இருக்கிறது. எண் 14416. கட்டணமில்லை, 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.